மேல் ராக்கைத் தூக்காமல் ஒரு தட்டு வைக்க முடியுமா? பழைய போர்ட்டபிள் டிஷ்வாஷர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய போர்ட்டபிள் டிஷ்வாஷர் என்று பேச்சை எடுத்தாலே மோட்டார், பம்ப், டைமர், மூடியின் ரப்பர் சீல் என்று போய்விடுகிறார்கள். பாத்திரம் அடுக்கும் கம்பி ராக்கைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கேட்டாலும் துருப்பிடித்திருக்கிறதா என்பதோடு முடிந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மோட்டார் அருமையாக ஓடும், தண்ணீர் சூடாக வரும், எல்லாம் இருக்கும், ஆனால் பாத்திரம் அடுக்குவது தொல்லையாக இருப்பதால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையிலேயே கழுவிக்கொள்வார்கள். மோட்டாரை நாம் தொடுவதே இல்லை. ராக்கைத்தான் விடிந்ததிலிருந்து இரவுவரை தொட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்த இயந்திரத்தோடு வாழ முடியுமா என்பதை அந்தக் கம்பி அடுக்குதான் முடிவு செய்கிறது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் செய்யப்பட்ட, மேலே மூடி திறக்கும் வகை. பழைய வீட்டுச் சாதனங்களைச் சேகரித்துப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் ஓடும் நிலையில் இருக்கிறது. தயாரித்த கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் இங்கே சொல்லப் போகும் குறைகள் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியவை இல்லை. அந்தக் காலத்து மேல்திறப்பு இயந்திரங்கள் பலவற்றுக்கும் இவை பொருந்தும். இடுப்புயரப் பெட்டி, அடியில் நான்கு சக்கரங்கள், மேலே வேலை செய்ய வசதியாக லேமினேட் ஒட்டிய மூடி. உள்ளே எனாமல் பூசிய தொட்டி. தொட்டியின் அடி நடுவில் தண்ணீரை வீசும் இம்பெல்லர், அதைச் சுற்றி வளையமாக ஹீட்டர் காயில். ராக் இரண்டு. கீழ் ராக்கில் தட்டுகளும் பெரிய பாத்திரங்களும், ஒரு மூலையில் ஸ்பூன் கூடையும். மேல் ராக்கில் கப், கிளாஸ், சாசர், சின்னக் கிண்ணங்கள். மேல் ராக் தொட்டியின் உள்விளிம்பில் நான்கு புள்ளிகளில் உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் மடியும் கம்பிக் கைப்பிடி இருக்கும், ஒரே துண்டாகத் தூக்கி வெளியே எடுக்க வேண்டும். இந்த 'ஒரே துண்டாகத் தூக்கி' என்பதில்தான் முக்கால்வாசிப் பிரச்சினையும் இருக்கிறது.

சரி, அதற்குப் போகும் முன் போர்ட்டபிள் என்றால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராக்கின் குறைகளில் பாதி இதிலிருந்து வருகிறது. இந்த இயந்திரத்துக்கென்று தனியாகக் குழாய் இணைப்பு கிடையாது. பயன்படுத்தும்போது சிங்க் பக்கம் உருட்டிக்கொண்டு வந்து, சமையலறைக் குழாயின் வாயில் ஒரு இணைப்பியை மாட்ட வேண்டும். யூனிகப்பிள் என்ற பெயரில் அறியப்பட்ட வகை அது: ஒரே தலையில் இரண்டு ஹோஸ், ஒன்றில் சுடுநீர் உள்ளே போகும், இன்னொன்றில் அழுக்குத் தண்ணீர் வந்து சிங்க்கில் கொட்டும். ஓடி முடியும்வரை குழாய் அதனிடம்தான். இணைப்பியில் இருக்கும் பொத்தானை அழுத்திக் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதனால் யாரும் பகலில் அதை ஓட்ட மாட்டார்கள். நாள் முழுக்கப் பாத்திரம் சேர்த்து, இரவுச் சாப்பாடு முடிந்து, சமையலறையில் வேலை ஓய்ந்த பிறகு ஒரே தடவை ஓட்டுவார்கள். ஆக, போர்ட்டபிள் என்பது கழுவும் இயந்திரமாக ஒரு மணி நேரமும் அழுக்குப் பாத்திரம் சேர்த்து வைக்கும் பெட்டியாக மீதி நாளும் வேலை செய்கிறது. வடிவமைத்தவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை மனதில் வைத்து ராக்கைச் செய்தார்கள். மீதி நாளை மறந்துவிட்டார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

வடிவமைத்தவர்கள் மேல் பழி போடுவதற்கு முன் அவர்கள் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். ராக் என்பது ஆரம்பத்திலிருந்தே தண்ணீருக்காகப் பிறந்த பொருள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், தட்டுகளையும் கப்களையும் சாசர்களையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் பொருந்தும்படி கம்பி அறைகள் செய்து, அந்த அறைகளை ஒரு சக்கரத்தில் அடுக்கி, செம்புக் கொப்பரைக்குள் படுக்க வைத்துச் சுற்றினார். சோப்புத் தண்ணீர் அதன்மேல் பீய்ச்சும். அதற்கு முன் 1850இல் ஜோயல் ஹௌட்டன் காப்புரிமை வாங்கிய மரப்பெட்டி வெறுமனே தண்ணீரைத் தெறிக்க விட்டது, பெரிதாகப் பயனில்லை. காக்ரேன் செய்த முக்கியமான காரியம் தட்டை அசையாமல், தண்ணீர் படும்படி நிறுத்தி வைத்தது. அவருடைய முதல் வாடிக்கையாளர்கள் ஹோட்டல்களும் உணவகங்களும்தான். அங்கே ஒரே அளவுத் தட்டுகள் ஒரே நேரத்தில் குவியும், வேலையாட்கள் நின்று அடுக்குவார்கள். நாள் முழுக்க ஒவ்வொரு கப்பாக வந்து சேரும் வீட்டுச் சமையலறை அதற்கு நேர் எதிர். ராக்கின் அடிப்படைக் கணக்கு மட்டும் மாறாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்போது நம் இயந்திரத்துக்கு வருவோம். இம்பெல்லர் என்பது ஒரு சின்ன விசிறி மாதிரி. தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும் தண்ணீரை அள்ளி மேல்நோக்கியும் வெளிநோக்கியும் வீசும். பிற்காலத்து ஸ்ப்ரே ஆர்ம் போலத் துளைகளின் வழியாகக் குறிபார்த்துப் பீய்ச்சாது, வாரி இறைக்கும். அந்தத் தண்ணீர் முதலில் கீழ் ராக்கில் இருப்பதைத் தாக்கும், மிச்சம் பக்கச் சுவரிலும் மூடியிலும் மோதித் திரும்பி விழும். மேல் ராக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் கைத் தண்ணீர்தான். அதனால்தான் கீழே தட்டு, மேலே கிளாஸ் என்ற ஏற்பாடு: காய்ந்து ஒட்டியது எல்லாம் தட்டில் இருக்கும், கிளாஸில் லேசான கறைதான் இருக்கும்.

தண்ணீர் நடுவிலிருந்து வருகிறது என்றால் ஒவ்வொரு தட்டின் அழுக்கு முகமும் நடுவைப் பார்க்க வேண்டும். இடப்பக்கத் தட்டு வலப்பக்கம் பார்க்க வேண்டும், வலப்பக்கத் தட்டு இடப்பக்கம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கினால் பாதித் தட்டுகள் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். கை பழகிய அடுக்கு முறை ஒரே திசையில்தான் போகும், இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூடியின் உட்புறத்தில் படம் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் மூடியைத் திறந்தால் அந்தப் படம் தலைகீழாக முகத்துக்கு நேரே நிற்கிறது, யார் நின்று பார்ப்பார்கள்?

ஆனால் இந்த இயந்திரத்தின் கீழ் ராக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. கம்பிப் பற்கள் நேராக நிற்கவில்லை. இரண்டு பக்கத்துப் பற்களும் நடுவை விட்டு விலகி வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கின்றன. தட்டைச் சரியான திசையில் வைத்தால் அதன் முதுகு பல்லில் சாய்ந்து நன்றாக உட்காரும். திருப்பி வைத்தால் விளிம்பு வழுக்கும், தட்டு ஆடும், ஏதோ சரியில்லை என்று கைக்கே தெரிந்துவிடும். நண்பரின் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் படத்தைப் பார்க்காமலே எல்லாத் தட்டுகளையும் சரியாக வைத்ததைப் பார்த்தேன். ஒன்றிரண்டைத் தப்பாக வைத்தார், அது ஆடியதும் தானாகவே திருப்பினார். எழுதி ஒட்டுவதைவிடப் பொருளின் வடிவமே சொல்லிக்கொடுப்பது எவ்வளவு மேல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் கையில் இல்லை. இதைச் செய்தவருக்கு ராக் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மேல் ராக்கைப் பார்க்கும்போது கூடுதலாக வருத்தம் வருகிறது.

வரிசைதான் பிரச்சினை

ஒரு நாளில் பாத்திரங்கள் எந்த வரிசையில் அழுக்காகின்றன என்று யோசித்துப் பாருங்கள். காலையில் கப், கிளாஸ், சின்னத் தட்டு, ஸ்பூன். பகலில் மறுபடி கிளாஸ், கிளாஸ், கிளாஸ். மதியம் கொஞ்சம் தட்டு. இரவில்தான் பெரிய தட்டுகள், சமைத்த பாத்திரங்கள், பரிமாறிய கிண்ணங்கள். அதாவது மேல் ராக்கில் போக வேண்டியவை முதலில் வருகின்றன, கீழ் ராக்கில் போக வேண்டியவை கடைசியில் வருகின்றன. மேலே திறக்கும் பெட்டியில் கீழே வைப்பதற்கு மேலே இருப்பதை எடுத்தாக வேண்டும். ஆக நாள் முழுக்கக் கவனமாக நிரப்பிய மேல் ராக்கை, கிளாஸும் கப்புமாகக் குலுங்கக் குலுங்க, சரியாகக் களைத்துப் போயிருக்கும் இரவு நேரத்தில் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கீழே தட்டுகளை அடுக்கி, மறுபடி அதை உள்ளே இறக்க வேண்டும். இறக்கிய பிறகு மேஜையில் இன்னும் ஒரு தட்டு இருப்பது கண்ணில் பட்டால்? அதைக் கையில்தான் கழுவுவார்கள்.

தூக்குவதும் சின்ன வேலை இல்லை. நிறைந்த மேல் ராக் நான்கைந்து கிலோ இருக்கும். எடை பெரிதில்லை, தூக்கும் விதம்தான் கஷ்டம். தொட்டியின் விளிம்பு இடுப்புக்கு மேலே, ராக்கின் கைப்பிடி விளிம்புக்குக் கீழே, அதுவும் இரண்டு கையையும் அகட்டிப் பிடிக்க வேண்டும். ராக்கின் அடி தொட்டியின் விளிம்பைத் தாண்ட வேண்டுமென்றால் முழங்கை தோள் உயரத்துக்கு வர வேண்டும், உயரம் குறைந்தவர்களுக்குத் தோளுக்கும் மேலே. அப்புறம் எங்கே வைப்பது? அமெரிக்கச் சமையலறை மேடை வழக்கமாக 36 அங்குல உயரம், அதில் சிங்க் பக்கம் கிடைக்கும் காலி இடத்தை இரவு நேரத்தில் அழுக்குப் பாத்திரங்கள் ஏற்கெனவே பிடித்திருக்கும். இயந்திரத்தின் மூடிமேல் வைக்கலாம் என்றால் மூடி திறந்து நிற்கிறது. கையில் கிளாஸ் நிறைந்த கம்பிக் கூடையோடு இடம் தேடி நிற்பதுதான் மிச்சம்.

இதன் விளைவாக என்ன நடக்கிறது என்றால், வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். தட்டுகளைச் சிங்க்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைக்கிறார்கள், இரவில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கலாம் என்று. அப்படிக் குவித்தால் தட்டின் அடியிலும் அழுக்கு ஒட்டும், காய்ந்தும் போகும், இம்பெல்லர் வீச்சுக்கு அது எளிதில் அசையாது. பிறகு தட்டு சரியாகக் கழுவப்படவில்லை, இயந்திரத்துக்கு வேகம் போதவில்லை என்று குறை வரும். வேகத்தில் குறை கொஞ்சம் உண்டுதான். ஆனால் அழுக்கு காய்ந்ததற்குக் காரணம் மேல் ராக். இந்தச் சங்கிலியை யாரும் பின்னோக்கிப் பிடித்துப் போய்ப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மூடியின் மேல்பக்கம் வேலைப் பலகையாக இருப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. விளம்பரத்தில் அது ஒரு கூடுதல் வசதி: சக்கரத்தின்மேல் உங்களுக்கு இன்னொரு மேடை. உண்மையிலேயே நல்ல பலகைதான். ஆனால் அதன்மேல் எதையாவது வைத்துவிட்டால் பெட்டி பூட்டியதற்குச் சமம். ஒரு கப்பை உள்ளே வைப்பதற்காக மேலே இருப்பதையெல்லாம் யார் நகர்த்துவார்கள்? அத்தோடு மேடைக்கும் சுவர் அலமாரிக்கும் இடையே வழக்கமாக 18 அங்குல இடைவெளிதான் இருக்கும், மூடியின் நீளமோ அதைவிட அதிகம், ஆகவே அலமாரிக்குக் கீழே நிறுத்தி வைத்தால் மூடி முழுசாகத் திறக்காது. முன்னால் இழுத்துத் திறக்க வேண்டும்.

மேல் ராக்கில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தப் பிரச்சினையை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பூன் கூடை இருக்கும் மூலைக்கு நேர்மேலே மேல் ராக்கின் மூலையை வெட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். ஸ்பூனையோ கத்தியையோ மேலிருந்தே அந்தச் சந்தின் வழியாகக் கூடைக்குள் போடலாம். மேல் ராக்கைத் தொட வேண்டியதில்லை. நாள் முழுக்க அதிகமாக வந்து சேர்வது ஸ்பூன்தான் என்று கவனித்த ஒருவர் செய்த வேலை அது. ஒரு மூலையை விட்டுக்கொடுத்ததால் நான்கு கிளாஸ் வைக்கும் இடம் போயிற்று. அது நல்ல பேரம். அதே யோசனையை இன்னும் கொஞ்சம் நீட்டித் தட்டு நுழையும் அகலத்துக்கு ஒரு பக்கம் முழுக்கச் சந்து விட்டிருந்தால் கிளாஸ் எண்ணிக்கை குறைந்திருக்கும், விளம்பரத்தில் போடும் எண்ணும் குறைந்திருக்கும், ஆனால் பயன்படுத்தும் வீடுகள் கூடியிருக்கும்.

எடுக்கும்போதும் இதே வரிசைக் கோளாறுதான், இம்முறை தண்ணீர் வடிவில். கவிழ்த்து வைத்த கப்பின் அடிப்பக்கத்தில் ஒரு குழி இருக்கும், கழுவி முடிந்ததும் அதில் தண்ணீர் தேங்கி நிற்கும். முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில் கீழ் ராக்கை முதலில் காலி செய்துவிட்டு மேலே போகலாம், சொட்டினாலும் கவலை இல்லை. மேல்திறப்பில் மேல் ராக்கைத்தான் முதலில் எடுத்தாக வேண்டும். அதைக் கொஞ்சம் சாய்த்தாலும் அத்தனை கப்பின் குழித் தண்ணீரும் கீழே காய்ந்து நிற்கும் தட்டுகள்மேல் கொட்டும். ஹீட்டர் காயில் மின்சாரத்தைத் தின்று காய வைத்த தட்டுகள் அவை. மேல் ராக்கின் தரை தட்டையாக இல்லாமல் ஒரு பக்கம் சரிவாக இருந்தால் குழியில் தண்ணீர் நிற்காது. பிற்கால ராக்குகளில் இந்தச் சரிவு சர்வ சாதாரணம். இதில் இல்லை.

உருளும்போது

வேறு எந்த டிஷ்வாஷருக்கும் இல்லாத ஒரு சோதனை போர்ட்டபிள் ராக்குக்கு உண்டு: பாத்திரம் நிறைந்த நிலையில் அது தரையில் உருள வேண்டும். ஓடு பதித்த தரையின் இடுக்கு, விரிப்பின் ஓரம், வாசல் கட்டை, எல்லாவற்றிலும் ஏறி இறங்க வேண்டும். இங்கே கீழ் ராக் தேறிவிடுகிறது, சாய்ந்த பற்கள் தட்டுகளைப் பிடித்துக்கொள்கின்றன. மேல் ராக்கில் கிளாஸ்களுக்குப் பற்கள் தூரதூரமாக இருக்கின்றன, கிளாஸ் பல்லின்மேல் கவிழ்க்கப்படாமல் பற்களுக்கு இடையே நிற்கிறது. உருட்டும்போது ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டாலே மனது பதறும். மெல்லிய கிளாஸுக்கு இது ஆகாது. நண்பர் அந்தச் சத்தத்துக்குப் பயந்தே இயந்திரத்தைச் சிங்க் பக்கத்திலேயே நிரந்தரமாக நிறுத்திவிட்டார், அதாவது போர்ட்டபிள் என்ற குணமே பயன்படவில்லை.

இன்னொன்று, லேசான பிளாஸ்டிக் பொருட்கள். மூடிகள், சின்ன டப்பாக்கள். இம்பெல்லர் வீசும் தண்ணீர் அவற்றைக் கவிழ்த்துவிடும், கவிழ்ந்தது அழுக்குத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னும் மோசமாக, ராக்கின் இடைவெளி வழியாகக் கீழே விழுந்தால் ஹீட்டர் காயிலில் போய் ஒட்டி உருகும். பிளாஸ்டிக்கை மேல் ராக்கில் மட்டும் வை என்ற பழைய விதிக்குக் காரணம் இதுதான். ஆனால் மேல் ராக்கின் கம்பி இடைவெளியும் சின்ன மூடியைத் தடுக்கும் அளவு நெருக்கமாக இல்லை.

எத்தனை பேருக்கு?

அமெரிக்காவில் டிஷ்வாஷரின் கொள்ளளவை ஒருவருக்கான முழு வரிசையை வைத்துக் கணக்கிடுவார்கள்: ஒரு பெரிய தட்டு, சின்னத் தட்டு, கிண்ணம், கப், சாசர், கிளாஸ், ஸ்பூன், முள்கரண்டி, கத்தி. இத்தனை பேருக்கான வரிசை பிடிக்கும் என்பதுதான் விளம்பரத்தின் பெரிய எழுத்து. ராக்கும் அந்த எண்ணை எட்டுவதற்காகவே வரையப்பட்டிருக்கிறது. பற்களின் இடைவெளி ஒரு அங்குலத்துக்குச் சற்றே குறைவு, தட்டையான பீங்கான் தட்டுக்குக் கச்சிதம். ஆனால் சமைத்த பாத்திரத்துக்கு அதில் முறையான இடம் எதுவும் இல்லை. ஒரு வாணலியை வைத்தால் பற்கள் மேல் தடுமாறி நிற்கும், தண்ணீர் வரும் நடுவையும் மறைக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாமே நிழலில் விழுந்துவிடும். மடியும் பற்கள் அப்போது இதில் இல்லை.

இன்றைக்கு இதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்தக் காலத்துச் சாப்பாட்டுத் தட்டு 9, 10 அங்குலம்தான். இப்போது 11 அங்குலத்துக்கு மேல் சாதாரணம். பெரிய தட்டை நிறுத்தினால் அதன் தலை மேல் ராக்கின் அடியை முட்டும், மேல் ராக் தன் நான்கு புள்ளிகளில் உட்காராது, மூடியும் சரியாக அடையாது. ஆழமான கிண்ணத் தட்டுகளோ ஒன்றுக்கு இரண்டு இடைவெளி கேட்கும். இதை வடிவமைப்பின் குறை என்று சொல்ல மாட்டேன், தட்டு மாறிவிட்டது. ஆனால் வாங்கப் போகிறவர்கள் வீட்டுத் தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் வைத்துப் பார்ப்பது நல்லது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

முன்பக்கம் கதவு வைத்தால் வரிசைப் பிரச்சினை ஒழிந்துவிடும் என்பது அப்போதே தெரிந்ததுதான். பிரிட்டனில் வில்லியம் ஹோவர்ட் லிவன்ஸ் 1924இல் செய்த வீட்டு இயந்திரத்திலேயே முன்கதவும் கம்பி ராக்கும் சுழலும் தெளிப்பானும் இருந்தன. அப்படியிருந்தும் போர்ட்டபிளில் மேல்திறப்பு ஏன் இத்தனை காலம் நீடித்தது? சீல் ஒரு காரணம்: மேல் மூடி தெறிப்பை மட்டும் தடுத்தால் போதும், முன்கதவுக்குக் கீழ் விளிம்பிலும் கசியாத சீல் வேண்டும். எடை இன்னொரு காரணம். சக்கரம் வைத்த பெட்டியில் கதவைக் கீழே சாய்த்து, நிறைந்த இரண்டு ராக்கையும் அதன்மேல் இழுத்தால் பெட்டி குப்புறச் சாயும். அதனால் முன்கதவுப் போர்ட்டபிள்களின் அடியில் பின்பக்கமாகக் கான்கிரீட்டோ இரும்போ பாரமாக வைக்க வேண்டியிருந்தது. உருட்ட எளிதாக இருக்க வேண்டிய பொருளில் வேண்டுமென்றே எடையைக் கூட்டுவது யாருக்கும் உவப்பாக இருந்திருக்காது. ஆனாலும் கடைசியில் வென்றது அதுதான், எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பாரத்தை நாளுக்கு ஒரு தடவை உருட்டுகிறோம், ராக்கை நாள் முழுக்கத் தொடுகிறோம்.

இடையில் வேறு வழிகளும் முயன்றார்கள். மேல் ராக்கை இரண்டு பாதியாகப் பிரித்துக் கீல் வைத்து மடக்கும்படி செய்தார்கள். மேல்திறப்பை விட மனமில்லாமல் அதைச் சரிசெய்ய வந்தவற்றில் இதுதான் என் பார்வையில் சிறந்தது. ஒரு பாதியை மட்டும் மடக்கிக் கீழே தட்டு வைக்கலாம், எதையும் வெளியே எடுக்க வேண்டாம். ஆனால் மடக்கும் பாதியில் கிளாஸ் இருக்கக் கூடாது. 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் தொட்டியையே இழுப்பறை போல முன்னால் இழுக்கும் இயந்திரங்களை விற்றார்கள். குனிந்து துழாவும் தொல்லை குறைந்தது, அடுக்கு இரண்டாகவே இருந்ததால் வரிசைத் தொல்லை மட்டும் அப்படியே நின்றது. அதே இழுப்பறை யோசனையை நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் 1997இல் டிஷ்டிராயர் என்று கொண்டுவந்தபோது ஒரு இழுப்பறைக்கு ஒரு ராக் என்று வைத்தார்கள். மேலிருந்து நிரப்புவதில் குற்றமே இல்லை, மேலிருந்து இரண்டு அடுக்கை நிரப்பச் சொல்வதில்தான் குற்றம் என்பது அங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஜெனரல் எலக்ட்ரிக்கின் பவர் டவர் வேறு மாதிரி. தண்ணீர் ஓடும்போது கீழ் ராக்கின் நடுவிலிருந்து ஒரு குழாய் உயர்ந்து வந்து மேல் ராக்குக்கு நேரடியாகப் பீய்ச்சும். மேல் ராக்குக்கு இரண்டாம் கைத் தண்ணீர் என்ற குறை அதில் தீர்ந்தது. பதிலுக்கு ராக்கின் நடுவைக் காலியாக விட வேண்டும், ஒரு வாணலிக் கைப்பிடி அங்கே நீட்டிக்கொண்டிருந்தால் டவர் எழும்பாது, மேலே இருப்பது கழுவப்படாது, மூடியைத் திறக்கும்வரை அது தெரியவும் தெரியாது. மேடேக் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி தன் முன்கதவு இயந்திரங்களில் இன்னும் துணிச்சலாகத் தட்டுகளை மேல் ராக்குக்குக் கொண்டுபோய், கிளாஸையும் பெரிய பாத்திரத்தையும் கீழே வைத்தது. எண்ணிக்கையில் அதிகமாகவும் கனமாகவும் வருவதைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

பூச்சு

ராக்கின் கம்பி இரும்பு, அதன்மேல் தடித்த வினைல் பூச்சு. சூடாக்கிய ராக்கைத் திரவ வினைலில் முக்கி எடுத்து அடுப்பில் வேகவைத்து இந்தப் பூச்சைக் கொண்டுவருவார்கள். புதிதாக இருக்கும்போது தட்டுக்கு மெத்தென்று இருக்கும். வருடக்கணக்காகச் சுடுநீரும் காரமான டிடர்ஜென்ட்டும் பட்டால் வினைலுக்கு நெகிழ்வு தரும் பொருள் கசிந்து போய்விடும், பூச்சு விறைத்துச் சுருங்கும், பிறகு வெடிக்கும். முதலில் போவது பல்லின் நுனி. அப்புறம் கம்பிகள் பற்றவைத்த மூட்டு. மூன்றாவது இடம் இந்த இயந்திரத்துக்கே உரியது: மேல் ராக் தொட்டி விளிம்பில் உட்காரும் நான்கு புள்ளிகள். ஒவ்வொரு முறை தூக்கி இறக்கும்போதும் அங்கே உரசல். நண்பரின் ராக்கில் பற்களின் நுனி பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த நான்கு இடத்திலும் வெறும் இரும்பு தெரிகிறது, துரு பூச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஊர்ந்து போயிருக்கிறது. கட்டை விரலால் அழுத்தினால் பூச்சு உப்பிய இடம் பொரபொரவென்று நொறுங்குகிறது. எத்தனை தடவை அந்த ராக்கைத் தூக்க வேண்டியிருந்தது என்பதற்கு அந்த நான்கு புள்ளிகளே சாட்சி.

சரிசெய்யும் வழி சிக்கலானதில்லை, பொறுமைதான் வேண்டும். உப்பிய பூச்சை முழுக்க உரித்துவிட வேண்டும், நல்லது என்று நினைத்து விட்ட இடத்துக்கு அடியிலும் துரு போய்க்கொண்டே இருக்கும். இரும்பு பளபளவென்று வரும்வரை தேய்த்து, ராக் பழுதுக்கென்றே விற்கும் திரவ வினைலை மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி நன்றாகக் காயவிட வேண்டும். பல் நுனிக்கு ரப்பர் தொப்பி கிடைக்கிறது. வளைந்த பல்லை நிமிர்த்துவதாக இருந்தால் ராக்கைச் சுடுநீரில் ஊறவைத்துவிட்டு நிமிர்த்துங்கள். குளிர்ந்த நிலையில் வளைத்தால் பழைய வினைல் அங்கேயே கீறிவிடும்.

இப்போது எப்படி ஓடுகிறது

ராக்கை வெட்டவோ புதிதாகப் பற்றவைக்கவோ நண்பருக்கு விருப்பமில்லை, எனக்கும் இல்லை, கிடைக்காத பொருள் அது. மாற்றியது வைக்கும் முறையை மட்டும்தான். காலையில் மேல் ராக்கைக் காலியாகவே வெளியே எடுத்து, மேடையில் விளிம்புள்ள ஒரு தட்டத்தின்மேல் வைத்துவிடுகிறார்கள். நாள் முழுக்கக் கப்பும் கிளாஸும் அங்கேயே சேர்கின்றன, சொட்டும் தண்ணீர் தட்டத்தில் விழுகிறது. தொட்டிக்குள் கீழ் ராக் மட்டும் திறந்த கிணறாக இருப்பதால் தட்டு எப்போது வந்தாலும் நேராக உள்ளே போகிறது, சிங்க்கில் குவிவது நின்றுவிட்டது, காய்ந்த கறை பற்றிய புலம்பலும் வெகுவாகக் குறைந்தது. இரவில் கடைசிப் பாத்திரமும் உள்ளே போன பிறகு மேல் ராக்கை ஒரே ஒரு தடவை தூக்கி இறக்குகிறார்கள். எடுக்கும்போது அதை உள்ளேயே விட்டு, ஒவ்வொரு கப்பின் அடியையும் துணியால் ஒற்றிவிட்டுத் தனித்தனியாக எடுக்கிறார்கள், நிறைந்த ராக்கைச் சாய்ப்பதே இல்லை. உரசும் நான்கு புள்ளிகளில் பூசிய புது வினைல் இதுவரை பிடித்து நிற்கிறது. மூடிமேல் எதையும் வைப்பதில்லை என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மேடையில் ராக் அடைத்துக்கொள்ளும் இடம் மட்டும் போனது போனதுதான். சின்னச் சமையலறையில் இந்த முறை நடக்காது.